கோட்டைச் சொற்கள்

திண்டிவனத்திற்கு மேற்கே, இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் பிணைத்து நிற்பது செஞ்சிக் கோட்டை. நாயக்கர், பீசப்பூர் சுல்தான், மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர் எனப் பலர் கைமாறி, 1761-ஆம் ஆண்டில் அஃது ஆங்கிலேயர் வசமாயிற்று. இத்தகைய கோட்டைகளுக்காகப் போரிட்ட ஆங்கிலேயர், நம் நாட்டுச் சொற்கள் பலவற்றையும் தம் மொழிக்குக் கொண்டு சென்றனர்.

அச்சொற்களைத் தொகுத்து அகராதி கண்டவர் இருவர். ஒருவர் யூல், மற்றவர் தஞ்சையில் நீதிபதியாய் இருந்து, அரண்மனை நூல்நிலையத்து வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை வகுத்த பர்னல். பர்னல் மறைந்த பின் 1886-இல் வெளிவந்த அந்நூலின் பெயர் ‘ஹாப்சன்-ஜாப்சன்’. முகரம் நாளில் முசுலிம்கள் ‘யா ஹசன், யா ஹுசைன்’ என்று கூவியது ஆங்கிலச் சிப்பாய்களின் காதில் அவ்வாறு விழுந்ததாம்!

மலைக்கோட்டை அந்நூலில் ‘துரூக்’. நம் ‘துர்க்கம்’ என்பதன் திரிபு. கோட்டைத் தலைவன் ‘கில்லடார்’. இது பாரசீக வழிவந்த சொல். இவற்றை இன்றைய ஆங்கிலேயர் பெரும்பாலோர் அறியார்.

‘பாலிகர்’ என்னும் சொல்லோ சிந்திக்கத்தக்கது. பாளையக்காரர் என்பதே அவ்வாறு சிதைந்தது. பாளையம் என்றால் படை தங்கும் இடம். படைத் துணை அளித்தற்கு ஈடாக ஒருவர் ஆண்ட நிலப்பகுதியையும் அச்சொல் குறித்தது. மதுரை நாயக்கர் நாட்டை எழுபத்திரண்டு பாளையங்களாக வகுத்தனர் என்பர். அகராதியோ, பாளையக்காரரைக் காடு சார்ந்த பகுதிகளை ஆண்ட சிற்றரசர் என்று கூறி, முற்காலத்தில் பெரும்பாலும் கொள்ளையிடும் இயல்பினர் என்றும் சேர்த்துக்கொள்கிறது. கட்டபொம்மனை 1799-இல் தூக்கிலிட்டவர்கள் தந்த பொருள் வேறு எவ்வாறு இருக்கும்? சொற்பிறப்பில் பிழையில்லை, பொருளில் வென்றவர் குரல் கேட்கிறது.

‘பெட்டா’ என்பது நம் பேட்டை. கோட்டையை அடுத்து வெளியே அமைந்த ஊர் என அகராதி பொருள் கூறும். செஞ்சியிலும் குன்றுகளின் அடியில் அத்தகைய பேட்டை இருந்தது. 1750-இல் பிரெஞ்சுத் தளபதி புசி முதலில் அதன் வாயிலைத் தகர்த்துப் புகுந்தான். அன்றிரவே குன்றுகளையும் பிடித்தான்.

ஆங்கிலத்தில் அருகிவிட்ட அச்சொல் கொழும்பு நகரில் இன்றும் வழங்குகிறது. அங்குள்ள பெருங்கடைத்தெருப் பகுதிக்கு ஆங்கிலத்தில் ‘பெட்டா’ என்றே பெயர். தமிழர் அதனைப் புறக்கோட்டை என்பர். அருகிருந்த கோட்டையின் மதில்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இடிக்கப்பட்டுவிட்டன.