மைல் கணக்கும் காகிதக் கணக்கும்

கிழக்கு லண்டனின் குட்மேய்ஸுக்குத் தெற்கே, சில மைல் தூரத்தில், தேம்ஸ் நதியோரச் சதுப்பு நிலத்தில்தான் அமெரிக்க ஃபோர்ட் நிறுவனம் தன் டகன்ஹாம் தொழிற்சாலையைக் கட்டியது. 1931 ஒக்டோபரில் முதல் வண்டி வெளியே வந்தது. 2002-இல் கார் உற்பத்தி நின்றபோது, அங்கிருந்து புறப்பட்ட வண்டிகளின் தொகை ஒரு கோடியைத் தாண்டியிருந்தது. கார் செய்வதும் திருத்துவதும் விற்பதும் இந்த வட்டாரத்தின் பிழைப்பாகவே இருந்தன.

ஆனால் டகன்ஹாம் கார் வேறு, கடல் கடந்து வந்த அமெரிக்கக் கார் வேறு. 1960களின் ஷெவர்லே இம்பாலா ஐந்து மீற்றருக்கு மேல் நீளம். ஸ்டியரிங் இடப்பக்கம். வி8 எஞ்சினின் பெற்றோல் தாகம் பெரிது. குட்மேய்ஸின் வரிசை வீடுகளோ 1901-இல் ரயில் நிலையம் திறந்த காலத்தை ஒட்டி எழுந்தவை. கார் நிறுத்த இடம் வேண்டுமென்று அன்று யாரும் நினைக்கவில்லை. இப்படியொரு வண்டியை இங்கே வைத்துக் காப்பாற்றியவர் அதற்காகவே இடம் தேடி, செலவு செய்து காப்பாற்றியிருக்கிறார். அதை விற்கும் நாளில் அந்தப் பாடு மதிக்கப்பட வேண்டும்.

முன்பெல்லாம் அந்த மதிப்புக் கிடைப்பது அரிதாக இருந்தது. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெரிய எஞ்சின் வண்டி என்றாலே வாங்குகிறவர்கள் தயங்கினார்கள். விற்க நினைத்தவர் கண்ணாடியில் ஒரு மட்டையை ஒட்டினார். அல்லது 1868 முதல் வந்துகொண்டிருந்த ‘எக்ஸ்சேஞ்ச் அண்ட் மார்ட்’ விளம்பர ஏட்டில் இரண்டு வரி போட்டார். வந்தவர் பொனற்றைத் திறந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டார், ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார், கையில் காசைக் கொடுத்தார். “எத்தனை மைல் ஓடியது?” என்ற கேள்விக்கு விற்பவரின் வாய்ச்சொல்லே பதில். அந்தக் காலத்து அமெரிக்கக் கார்கள் பலவற்றில் மைல் மானி ஐந்து இலக்கம்தான். 99,999-ஐத் தாண்டினால் மறுபடி பூச்சியம். மானி 23,000 காட்டினால் உண்மையில் 1,23,000 ஓடியிருக்கவும் கூடும்.

இன்று அந்த ஏடு அச்சில் இல்லை, 2009-இல் நின்றது. ‘ஓட்டோ டிரேடர்’ 2013-இல் அச்சை விட்டு முழுக்க இணையத்துக்குப் போனது. குட்மேய்ஸ் வீட்டு வாசலில் நிற்கும் மஸ்டாங்கை இன்று நோர்வேயில் இருப்பவரும் படத்தில் பார்த்து விலை கேட்கலாம். முகம் தெரியாத வாங்குபவருக்கு எஞ்சின் சத்தம் போதாது. அவர் காகிதம் கேட்கிறார்: கராஜ் பில்கள், எம்.ஓ.டி. எனும் ஆண்டுச் சோதனையின் பழைய சான்றுகள், அமெரிக்காவிலிருந்து வந்ததற்கான இறக்குமதிப் பத்திரம், லொக் புக் எனும் பதிவுப் பத்திரம். முப்பது ஆண்டுச் சான்றுகளில் மைல் கணக்கு ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாக ஏறி வந்திருந்தால், 23,000 என்பது 23,000தான் என்று நம்பலாம்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 2018 மே மாதத்திலிருந்து, 40 வயது கடந்த, பெரிதாக மாற்றியமைக்கப்படாத கார்களுக்கு எம்.ஓ.டி. கட்டாயமில்லை. செலவு மிச்சம் என்று பலர் அதை விட்டுவிடுகிறார்கள். ஆண்டுதோறும் மைலைப் பதிந்துவந்த சங்கிலி அத்துடன் அறுந்துபோகிறது. கட்டாயம் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கொரு தடவை சோதனைக்குக் கொண்டுபோங்கள். உயிருக்கும் பாதுகாப்பு, விற்கும்போது சாட்சியும் அதுவே.

சட்டமும் விலையைத் தீர்மானிக்கிறது. 2023 ஓகஸ்ட் 29 அன்று யூலெஸ் எனும் புகைக் கட்டுப்பாட்டு வலயம் லண்டன் முழுவதற்கும் விரிந்தபோது குட்மேய்ஸும் அதற்குள் வந்தது. தரத்துக்கு உட்படாத காரை ஓட்டும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண். 40 வயது கடந்து, வரலாற்று வாகனமாகப் பதிவான காருக்கு அது இல்லை; சாலை வரியும் இல்லை. ஆனால் இந்தப் பதிவு தானாக நடக்காது, விண்ணப்பிக்க வேண்டும். விற்பதற்கு முன்பே அதை முடித்துவைப்பது வாங்குபவருக்குச் செய்யும் நன்மை.

இந்த வட்டாரத்தில் வாழும் ஈழத்தமிழருக்குப் பழைய கார் என்றதும் நினைவில் ஓடுவது யாழ்ப்பாணத்து ஒஸ்டின் ஏ40, கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர். 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காதபோது, சில துளி பெற்றோலில் எஞ்சினை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தக் கார்கள் நோயாளியை ஏற்றின, மணப்பெண்ணை ஏற்றின, இடம்பெயர்ந்த குடும்பங்களை ஏற்றின. அங்கே எத்தனை மைல் ஓடியது என்பது காரின் பெருமை. இங்கே எத்தனை மைல் ஓடவில்லை என்பது விலை.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவருக்கே பழைய காரின் உண்மை புரியும். குறைந்த மைல் மட்டும் ஒரு காரை நல்ல காராக்காது. ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியில் ரப்பர் சீல்கள் காய்ந்து எண்ணெய் கசியும். தாங்கியில் பெற்றோல் கெடும். பிரேக் எண்ணெய் ஈரத்தை இழுத்துக் குழாய்களை உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். ரயரின் பூ அப்படியே இருந்தாலும் ரப்பர் முதிர்ந்துவிடும். 2000-க்குப் பின் செய்த ரயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள், அது எந்த ஆண்டில் எந்த வாரத்தில் செய்யப்பட்டது என்பதைச் சொல்லிவிடும். 2021 செப்டெம்பர் முதல் இங்கே வழக்கமான பெற்றோல் ஈ10. அதிலுள்ள எத்தனோல் பழைய எரிபொருள் குழாய்களை அரிக்கும். ஆகவே கூடிய விலை சூப்பர் பெற்றோல், ஈ5, ஊற்றி வந்தாரா என்று கேளுங்கள். மாதம் ஒருமுறையாவது எஞ்சின் நன்றாகச் சூடேறும் அளவு ஓட்டி, திகதி தவறாமல் எண்ணெய் மாற்றிய 60,000 மைல் கார், இருபது ஆண்டு போர்வைக்குள் கிடந்த 20,000 மைல் காரைவிடச் சிறந்தது. வாங்கிய மறுநாளே அந்த 60,000 மைல் காரில் நம்பிப் புறப்படலாம்.

விற்கப் போகிறவரிடம் சொல்ல எனக்கு ஒன்று உண்டு. காருக்குச் செய்ததை எல்லாம் எழுதிக் கொடுங்கள்; செய்யாமல் விட்டதையும் எழுதிக் கொடுங்கள். அதிக விலை சொல்லி, பூட்டிவைத்து இலாபம் பார்க்க வருபவரைவிட, சற்றுக் குறைவாகச் சொன்னாலும் ஓட்ட ஆசைப்படுபவரிடம் கொடுங்கள். கார் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. நாற்பது ஐம்பது ஆண்டு அதைக் காத்தவருக்கு, அடுத்து யார் ஓட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கிறது.