265 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமா?

கண்ணமங்கலத்தில் பட்டுத் தறி வைத்திருக்கும் ஒருவர் சேலத்து வியாபாரியைப் பார்க்கப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சென்னை சென்று விமானம் ஏறினால் விரைவில் போய்விடலாமே என்று நண்பர் ஒருவர் யோசனை சொல்கிறார். அவர் சொல்வது சரிதானா?

சென்னைக்கும் சேலத்துக்கும் இடையே 2018 மார்ச்சில் உடான் திட்டத்தின்கீழ் விமானம் பறக்கத் தொடங்கியது. இடையில் நின்றுபோய், 2023 அக்டோபரில் மீண்டும் வந்தது. ஓடியது ஏ.டி.ஆர். 72 என்னும் விசிறி விமானம்.

முதலில் தூரத்தைக் காண்போம். இரயிலில் 334 கி.மீ. வானில் எவ்வளவு? தேசப்படமும் பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் தேற்றமும் போதும். சென்னை விமான நிலையம் வடக்கு அட்சரேகை 12.99 பாகையிலும், கிழக்கு தீர்க்கரேகை 80.17 பாகையிலும் இருக்கிறது. ஓமலூர் அருகே கமலாபுரத்திலுள்ள சேலம் விமான நிலையம் 11.78, 78.06. அட்சரேகையில் ஒரு பாகை சுமார் 111 கி.மீ.; ஆகவே தெற்கு நோக்கி 134 கி.மீ. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிச் செல்லச் செல்ல நெருங்கிவிடுவதால், நம் பகுதியில் ஒரு பாகை 108.5 கி.மீ. மட்டுமே, மேற்கு நோக்கி 229 கி.மீ. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் கண்டால் 265 கி.மீ. வருகிறது! இந்தக் கோட்டைப் படத்தில் வரைந்து பாருங்கள். போளூருக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே செல்லும். (உண்மையில் விமானம் அதற்கென வகுத்த வான்வழியில் செல்வதால் சற்று விலகும்.)

ஏ.டி.ஆர். விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. அப்படியானால் 32 நிமிடம் போதும். கால அட்டவணையோ ஏறக்குறைய ஒரு மணி என்கிறது. மீதி நேரம் எங்கே போயிற்று?

அட்டவணை நேரம் என்பது பறக்கும் நேரம் அன்று. நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து மறு நிலையத்தில் சக்கரம் நிற்கும்வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், முறைக்குக் காத்திருப்பதும் அதில் சேரும். மேலும், முழு வேகம் உயரத்தில்தான் கிடைக்கும். ஏறும்போது விமானம் மணிக்கு 320 கி.மீ. அளவில்தான் செல்கிறது. இறங்கும்போதும் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். குறுகிய பயணத்தில் ஏறி முடிப்பதற்குள் இறங்கும் வேளை வந்துவிடுகிறது. நடுவில் முழு வேகத்துக்குக் கிடைப்பது கால் மணியளவே. நெடும் பயணத்தில் இந்த நிமிடங்கள் கரைந்துபோகும். இங்கோ பாதியை விழுங்கிவிடுகின்றன.

அப்படியானால் ஜெட் விமானத்தை விடலாமே என்பீர்கள். அதன் வேகத்தால் இங்கே மிஞ்சுவது சில நிமிடங்கள்தாம், எரிபொருளோ அதிகம். அன்றியும் சேலத்தின் ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர். விசிறி விமானத்துக்கு ஏறத்தாழ 1,300 மீட்டர் போதும். வெயில் காலத்தில் காற்று இலேசாகி இறக்கையின் தாங்குதிறன் குறைவதால் கூடுதலாக ஓட வேண்டியிருக்கும்.

காற்றும் கணக்கில் புகும். எதிர்க்காற்று மணிக்கு 40 கி.மீ. என்றால் 32 நிமிடம் 35 ஆகும். திரும்பும்போது அதே காற்று உதவி 29 நிமிடமாக்கும். இழந்ததெல்லாம் திரும்பி வந்துவிட்டதா? துல்லியமாகக் கணக்கிட்டால் போய்வர அரை நிமிடம் நட்டமே. எதிர்க்காற்றில் நாம் கூடுதல் நேரம் பறக்கிறோம் அல்லவா!

இனி நம் பட்டுக்காரர். கண்ணமங்கலத்திலிருந்து சேலம் நேர்க்கோட்டில் 160 கி.மீ.; சென்னை விமான நிலையமோ கிழக்கே 115 கி.மீ. அங்கே போய்ச் சேர்ந்து, சோதனைக்கு ஒரு மணி காத்திருந்து, ஒரு மணி பறந்து, கமலாபுரத்திலிருந்து மீண்டும் 20 கி.மீ. சாலையில் போக வேண்டும். சேலைப் பெட்டியுடன் அவர் போளூர்ப் பேருந்தில் ஏறிக்கொள்ளட்டும்.