உங்களுக்குத் தெரியுமா? கிருமி போர்த்திய சர்க்கரை

இனிக்காத சர்க்கரை
நிமோனியா, டைபாய்டு, மூளைக்காய்ச்சல் தரும் பாக்டீரியாக்களில் பல, சர்க்கரை மூலக்கூறுகளை நீளச் சங்கிலியாகக் கோத்து, வழுவழுப்பான உறையாகப் போர்த்திக்கொள்கின்றன. சித்தூர் மண்டி வெல்லம் போல இது இனிக்காது. இதன் வேலை, விழுங்க வரும் வெள்ளையணுக்களிடமிருந்து நழுவுவது. நிமோனியா கிருமியின் உறை சர்க்கரையால் ஆனது என்று 1923-இல் நியூயார்க்கில் ஹைடல்பெர்கரும் ஏவரியும் காட்டினார்கள்.

பிடி சின்னது, பலம் பெரிது
இந்த உறையை அடையாளம் காண்பது நம் ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள். அதன் கை நுனியில் இருக்கும் பள்ளத்தில் அதிகம் போனால் ஆறேழு சர்க்கரை அலகுகள்தான் அடங்கும். ஒரு கையின் பிடி பலவீனமானது. ஆனால் உறைச் சங்கிலியில் ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வருகிறதே! அதனால் பல கைகள் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். தொற்றின் தொடக்கத்தில் வரும் 'ஐஜிஎம்' எதிர்ப்பொருளுக்குப் பத்துக் கைகள். எதிர்ப்பொருள்கள் பற்றியதும் வெள்ளையணுவுக்குப் பிடிமானம் கிடைத்துவிடும். பிறகு விழுங்குவது சுலபம்.

ஒரு கிருமி, நூறு உறை
நிமோனியா தரும் நிமோகாக்கஸ் கிருமிக்கு மட்டும் ஏறக்குறைய 100 வகை உறைகள் உண்டு. ஒரு வகைக்கு உருவான எதிர்ப்பொருள் பெரும்பாலும் இன்னொன்றைக் கண்டுகொள்ளாது. பொருத்தமான எதிர்ப்பொருளைச் சேர்த்தால் உறை உப்பியதுபோல நுண்ணோக்கியில் தெரியும். 1902-இல் நாய்ஃபெல்ட் கண்ட இந்த முறை இன்றும் வகை பிரிக்க உதவுகிறது.

சென்னையில் புறப்பட்ட காலரா
1992-இல் சென்னையில் தலைகாட்டி, வங்கக் கடலோரமாகப் பரவிய புதுவகைக் காலராவுக்கு 'ஓ139' என்று பெயர். பழைய காலரா கிருமிக்கு இல்லாத சர்க்கரை உறை இதற்கு இருந்தது. முன்பே காலராவை எதிர்கொண்டு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களும் படுத்தது அதனால்தான்: மேலே இருந்த சர்க்கரை அவர்கள் உடலுக்குப் புதிது.

கைக்குழந்தைக்கு ஏன் தெரிவதில்லை?
இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடல், வெறும் சர்க்கரையைப் பார்த்து நல்ல எதிர்ப்பொருள் தயாரிக்காது. உதவிக்கு வர வேண்டிய 'டி' அணுக்கள் புரதத்துக்குத்தான் அசையும். சர்க்கரையைப் புரதத்தோடு பிணைத்தால் வழி பிறக்கும் என்று 1931-இலேயே ஏவரியும் கோபலும் முயல்களில் காட்டிவிட்டார்கள். அப்படிப் பிணைத்த முதல் தடுப்பூசி, மூளைக்காய்ச்சல் தரும் 'ஹிப்' என்ற கிருமிக்கானது, அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1987-இல். இந்தியாவின் அரசுத் திட்டத்தில் அந்த ஹிப் கிருமிக்கான மருந்தும் சேர்ந்த ஐந்து-நோய் ஊசி முதலில் வந்தது தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும், 2011 டிசம்பரில்.

பக்கத்து ஊர்க் கணக்கு
சித்தூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் எட்டிவிடும் வேலூரில், சி.எம்.சி. மருத்துவமனை ஆய்வாளர்கள் வீடு வீடாகக் குழந்தைகளின் காய்ச்சலைக் கண்காணித்தார்கள். 2023-இல் வெளியான முடிவு: ஆண்டுக்கு ஒரு லட்சம் குழந்தைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டைபாய்டு.

திருத்தணிக்காரர் தந்த ஊசி
டைபாய்டு கிருமியின் உறைச் சர்க்கரைக்கு 'விஐ' என்று பெயர். அதை டெட்டனஸ் புரதத்தோடு பிணைத்து ஹைதராபாத் பாரத் பயோடெக் தயாரித்த தடுப்பூசி, இவ்வகையில் உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதி பெற்ற முதல் ஊசி. நிறுவனர் கிருஷ்ணா எல்லா, திருத்தணி வட்டாரத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அந்தத் திருத்தணி 1960 வரை சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது! ஒரு எச்சரிக்கை: பாராடைபாய்டு ஏ கிருமிக்கு விஐ உறை கிடையாது. எனவே ஊசி போட்டாலும் கொதித்து ஆறிய நீர் அவசியம்.

மாம்பழக் கூழும் டைபாய்டும்
சித்தூர் மாவட்டம் பெங்களூரா மாம்பழக் கூழுக்குப் பேர்போனது. கூழைக் கெட்டியாக்குவதில் பங்குள்ள பெக்டினும் சர்க்கரைச் சங்கிலிதான், விஐ உறைக்கு நெருங்கிய சாயலும் உடையது. பழப் பெக்டினில் சிறிய வேதி மாற்றம் செய்து, புரதத்தோடு பிணைத்து எலிகளுக்குச் செலுத்தினார்கள் அமெரிக்க ஆய்வாளர்கள். டைபாய்டு உறையைப் பற்றும் எதிர்ப்பொருள்கள் எலிகளின் ரத்தத்தில் உருவாயின. ஆய்வு வெளியான ஆண்டு 1994. இதை நம்பி மாம்பழத்தை மருந்தாக்கிவிட வேண்டாம். மாற்றாத, புரதம் சேராத பெக்டின் அந்த வேலையைச் செய்யாது.

ஹஜ் ஊசியின் நான்கு எழுத்துகள்
ஹஜ் பயணிகளுக்குக் கட்டாயமான மூளைக்காய்ச்சல் ஊசியில் ஏ, சி, டபிள்யூ, ஒய் என்று நான்கு எழுத்துகள். நான்கும் நான்கு சர்க்கரை உறைகள். நடுவில் 'பி' ஏன் இல்லை? பி வகையின் உறைச் சர்க்கரை, மனித நரம்பணுக்களில் இருக்கும் சர்க்கரையை அப்படியே ஒத்தது. சொந்தச் சரக்கு என்று எண்ணி நம் உடல் அதை விட்டுவிடும். எனவே பி வகைக்குப் புரதங்களைக் கொண்டு தனி ஊசி செய்தார்கள்.

ரத்த வகையும் சர்க்கரைதான்
சிவப்பணுவின் மேலுள்ள ஏ, பி அடையாளங்கள் சர்க்கரைகளே. 'ஓ' வகைக்காரர் உடலில் அவ்விரண்டையும் பற்றும் எதிர்ப்பொருள்கள் குழந்தைப் பருவத்திலேயே உருவாகிவிடும். குடல் பாக்டீரியாக்களின் மேல் இருக்கும் ஒத்த சர்க்கரைகளே அதற்குத் தூண்டுதல்.

மண்ணீரல் இல்லாதவர் கவனத்துக்கு
உறையுள்ள கிருமிகளை ரத்தத்திலிருந்து வடிகட்டுவதில் மண்ணீரலுக்குப் பெரும் பங்கு. விபத்திலோ ரத்த நோயாலோ அதை அகற்றியவர்கள், நிமோகாக்கஸ், ஹிப், மூளைக்காய்ச்சல் தடுப்பூசிகள் பற்றி மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

உங்கள் வீட்டு அட்டையில் உண்டா?
நிமோகாக்கஸ் தடுப்பூசியான பிசிவி, 2017-இல் சில மாநிலங்களில் தொடங்கி 2021-இல் நாடு முழுவதும் விரிவானது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பது மாதம் என மூன்று தவணை. கடைசித் தவணையை மறந்துவிடும் வீடுகள் உண்டு. இன்றே குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்து, மூன்றும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.