சட்டம் காப்பாற்றுகிறது, வலை விடுவதில்லை: முள் போர்த்திய திருக்கைக்கு என்ன சிக்கல்?

திருக்கை என்றதும் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது வால்தான். சாட்டை மாதிரி நீண்ட வால், அதில் விஷக் கொடுக்கு. ஆனால் கொடுக்கே இல்லாத ஒரு திருக்கை இருக்கிறது. அதற்குப் பதிலாக முதுகும் வாலும் முழுக்க முள்! ஆங்கிலத்தில் ‘போர்க்குபைன் ரே’, அதாவது முள்ளம்பன்றித் திருக்கை என்று பெயர்.

சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2016 மதிப்பீட்டில் இதை ‘அழியும் அபாயத்துக்கு உள்ளாகக்கூடிய’ இனமாக வகைப்படுத்தியது. இந்தியாவில் 2001 முதலே இதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அப்புறமும் ஏன் கவலை?

எங்கே, எப்படி வாழ்கிறது?

இந்திய, மேற்கு பசிபிக் பெருங்கடல்களின் வெப்பமான கரையோரங்கள்தான் இதன் வீடு. மணல், பவளத் திட்டு, கடற்புல் உள்ள ஆழம் குறைந்த நீரில் தரையோடு ஒட்டி வாழும். மணலைக் கிளறி புழு, நண்டு, இறால் வகைகளைத் தின்னும். வளர்ந்தால் ஒரு மீட்டருக்கும் மேல் அகலம் வரும். அறிவியல் உலகம் இதை அறிந்ததே நம் நாட்டு மாதிரியை வைத்துத்தான். மும்பையில் கிடைத்த ஒரு தோலை வைத்து 1801-ல் பிளாக், ஷ்னைடர் ஆகியோரின் நூலில் இந்த இனம் விவரிக்கப்பட்டது.

எதிரிகளிடமிருந்து காப்பாற்றிய அதே தோல்தான் மனிதர்களை ஈர்த்தது. சொரசொரப்பான அந்தத் தோலை வாள் பிடிகளுக்கும் கேடயங்களுக்கும் போர்த்தினார்கள். பிடி வழுக்காது இல்லையா?

எண்ணிக்கை ஏன் சீக்கிரம் மீளாது?

மத்தி போன்ற மீன்கள் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். திருக்கை குட்டி போடும் இனம். கருவில் மஞ்சள் கரு தீர்ந்ததும், கருப்பையில் சுரக்கும் சத்தான திரவத்தைக் கொடுத்துத் தாய் குட்டியை வளர்க்கும். அதனால் ஓர் ஈற்றுக்குச் சில குட்டிகள்தான். பருவத்துக்கு வரவும் ஆண்டுகள் ஆகும்.

கணக்கு எளிது. ஒரு தாய், தன் இடத்தை நிரப்ப ஒரு பெண் குட்டியையாவது வளர்ந்து குட்டி போடும் வயதுவரை விட்டுச்செல்ல வேண்டும். அதற்குள் தாயே வலையில் சிக்கினால் வரவு நின்றுவிடும், செலவு மட்டும் ஓடும்.

இது இந்த ஒரு இனத்தின் கதை மட்டும் இல்லை. 2021-ல் வெளியான உலகளாவிய ஆய்வின்படி, சுறா, திருக்கை உள்ளிட்ட 1,199 இனங்களில் 391 அழிவின் விளிம்பை நோக்கிப் போகின்றன. அந்த 391-க்கும் பொதுவான அச்சுறுத்தல் அளவுக்கு மீறிய மீன்பிடிப்பு.

சட்டம் எங்கே நிற்கிறது?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்த்து இந்தத் திருக்கையும் இருக்கிறது. பிடித்தாலோ விற்றாலோ 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை.

ஆனால் இழுவலை அட்டவணை பார்த்து மீன் பிடிப்பதில்லை. தரையை வாரிக்கொண்டு போகும் வலையில் இறாலோடு இதுவும் வரும். முள் வலையில் மாட்டிக்கொண்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. அதற்குள் செத்துவிட்டால் மீனவர் முன் இரண்டு வழிதான்: கரைக்குக் கொண்டுவந்தால் குற்றம், கடலிலேயே வீசினால் யாருக்கும் தெரியாது. கரைக்கு வராத மீன் எந்த டேட்டாவிலும் வராது. எத்தனை செத்தன என்றே தெரியாமல் போவதுதான் இதில் பெரிய சிக்கல்.

ஆண்டுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் உதவாதா? வேகமாகப் பெருகும் மீன்களுக்கு அது நல்ல இடைவெளி. மெதுவாக வளரும் இனத்துக்கு மீதி 300 நாளும் முக்கியம்.

என்ன செய்யலாம்?

ஒன்று, உயிரோடு விடுவிப்பதை மீனவருக்கு நஷ்டமில்லாத காரியமாக மாற்றுவது. மகாராஷ்டிரா 2018-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. சட்டப் பாதுகாப்புள்ள கடல் உயிரினம் சிக்கி, அதை விடுவிக்க வலையை அறுத்தால் 25,000 ரூபாய் வரை இழப்பீடு. மீனவர்தான் ஆதாரமாக போட்டோ தர வேண்டும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. இதுவரை கணக்கில் வராமல் போனது, இடத்தோடும் தேதியோடும் பதிவாகிறது.

இரண்டு, குட்டிகள் வளரும் இடத்தைக் காப்பது. சீஷெல்ஸின் செயின்ட் ஜோசப் பவளத்தீவில் இதன் குட்டிகள் ஆழமற்ற நீரிலேயே வளர்கின்றன. மாங்குரோவ் காடும் கடற்புல் படுகையும் உள்ள கரையோரத்தை மண் கொட்டி நிரப்பும் ஒவ்வொரு திட்டமும் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

தண்டனை ஏற்கெனவே கடுமையாகத்தான் இருக்கிறது. இப்போது தேவை, படகின் தளத்தில் அந்தச் சில நிமிடங்களில் வலையை அறுக்கலாம் என்று மீனவருக்குத் தோன்ற ஒரு காரணம்.