கதையின் காது

ஆடி கடைசி வெள்ளியன்று இருக்கன்குடிக்குப் போனவர்களுக்குத் தெரியும், அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற அந்த மணலில் ஓசைக்கு ஓய்வே கிடையாது. அக்கினிச்சட்டி ஏந்தி வருகிறவர்களுக்கு முன்னால் உறுமி, தலைக்கு மேலே மைக் செட்டில் ‘சிங்காரவேலனே தேவா’. 1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஏறுகிற பாட்டு. ஒரு வருஷம் அங்கே வேப்பமரத்தடியில் நோட்டை விரித்து, பாதியில் நின்றுபோன கதையொன்றை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். உடம்பு சிலிர்த்தது, எழுத ஆசை பொங்கியது. ஆனால் ஒரு வாக்கியமும் முழுசாக வரவில்லை. ஆசையைக் கொடுத்த பாட்டே வாக்கியத்தைப் பறித்துக்கொண்டது எப்படி?

சிலிர்ப்புக்கு விடை கிடைத்திருக்கிறது. 2011-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிடித்த இசையைக் கேட்டுச் சிலிர்ப்பவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். இன்பத்தோடு தொடர்புடைய டோபமின் சுரந்தது. அதுவும் இரண்டு தவணையாக. உச்சம் வந்தபோது மூளையின் ஓரிடத்தில். அது வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பிலேயே, அதற்குச் சற்று முன்பு, வேறோர் இடத்தில். நாதஸ்வர ஆலாபனையைக் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. மேல் சட்ஜத்தைத் தொட்டுவிடுவதுபோலப் போக்குக் காட்டி, தொடாமல் இறங்கி, மறுபடி ஏறும்போது நாம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோமே, அந்த இடம். கதை சொல்கிறவனின் வேலையும் அதுதான். இசை கேட்டால் கதை எழுதத் தோன்றுவதில் அதிசயமில்லை.

வாக்கியம் தொலைந்ததற்குக் காரணம் வேறு. எழுதும்போது நாம் சொற்களை மனசுக்குள் உச்சரித்துக் கேட்கிறோம். அதற்கென்று மூளையில் ஒரு சின்னத் தற்காலிகக் கிடங்கு உண்டு என்று 1974-ல் உளவியலாளர்கள் ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்ச்சும் எடுத்துச் சொன்னார்கள். ஏறக்குறைய இரண்டு நொடிப் பேச்சுதான் அதில் தங்கும். திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டால்தான் அழியாமல் நிற்கும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. அது வரும்வரை மற்றதையெல்லாம் ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஜானகியின் சொற்கள் உள்ளே நுழைந்தால் நம் சொல் வெளியே விழுகிறது. வெறும் வாத்திய இசையைவிடக் குரலோடு வரும் பாட்டு இந்த நினைவை அதிகம் குலைக்கிறது என்று 1989-ல் பேட்லியின் சோதனையே காட்டியது. 2001-ல் அமெரிக்காவில் கணினியில் கட்டுரை எழுதிய மாணவர்களுக்கோ, பின்னணியில் இசை ஒலித்ததுமே எழுத்தின் ஓட்டம் தடைப்பட்டது. மாறிக்கொண்டே இருக்கும் ஓசைதான் அதிகம் தொல்லை தரும். ஒரே சீரான ஓசை அவ்வளவாகத் தராது. சிவகாசியில் அச்சாபீஸ் மெஷின் ஓடும் சத்தத்தில் அமர்ந்து புரூஃப் திருத்துகிறவர்கள், வாசலில் யாராவது பேச்சுக் கொடுத்ததும் தடுமாறுவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

மோசார்ட் கேட்டால் புத்தி கூடும் என்ற பேச்சையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1993-ல் வெளியான அந்தச் சோதனையில் இருந்தவர்கள் 36 கல்லூரி மாணவர்கள். கிடைத்த பலன் கால் மணி நேரம்கூட நிலைக்கவில்லை. 1999-ல் கனடாவில் மோசார்ட்டுக்குப் பக்கத்தில் ஸ்டீபன் கிங் கதையொன்றின் ஒலிப்பதிவையும் வைத்துப் பார்த்தார்கள். கதையை விரும்பியவர்கள் கதை கேட்ட பிறகு சோதனையை நன்றாகச் செய்தார்கள், இசையை விரும்பியவர்கள் இசைக்குப் பிறகு. மருந்து மோசார்ட் அல்ல, மகிழ்ச்சி. கதையும் இசையும் ஒரே கதவைத் தட்டுகின்றன என்பதில் எனக்கு அளவில்லாத சந்தோஷம்.

இதே வைப்பாறு இருக்கன்குடியைத் தாண்டிக் கிழக்கே போய் விளாத்திகுளத்தைத் தொடுகிறது. அந்த ஊர்ப் பெயராலேயே அறியப்பட்ட விளாத்திகுளம் சுவாமிகள் ஒரே ராகத்தை மணிக்கணக்கில் விரித்துப் பாடியவர். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் இளவயதில் அவரிடம் சங்கீதம் பயின்றார்கள். காருகுறிச்சியாரும் கோவில்பட்டியில் வாழ்ந்தவர், இவர்களுக்கு நெருக்கமானவர். அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாக வந்திருக்கின்றன. அவற்றில் இலக்கியம் எவ்வளவோ அவ்வளவு சங்கீதம். இருவரும் கச்சேரி மேடைக்குப் போகவில்லை. எழுத்துக்கு வந்தார்கள். சாகித்திய அகாதெமி விருது அழகிரிசாமிக்கு 1970-லும் கி.ரா.வுக்கு 1991-லும் கிடைத்தது.

எழுதும்போது பக்கத்தில் பாட்டு ஓடுவதல்ல இவர்கள் இசையிடம் பெற்றது. ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் இடையிலுள்ள குழைவைக் கேட்டுப் பழகிய காது அவர்களுடையது. அந்தக் காதுக்கு, ஒரு சம்சாரி இழுத்துச் சொல்லும் ‘சரி’க்கும் வெடுக்கென்று சொல்லும் ‘சரி’க்கும் உள்ள தூரம் தப்பாது. 1982-ல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை கி.ரா. கொண்டுவந்ததற்குப் பின்னாலும் அந்தக் காது இருக்கிறது என்றே நம்புகிறேன்.

அன்று இருக்கன்குடியில் பொழுது சாய்ந்ததும் கரண்ட் போய் மைக் செட் நின்றது. மணலில் மூட்டிய பொங்கல் அடுப்புக்கு முன்னால் ஒரு சின்னப் பிள்ளை, எப்போது பொங்கும் என்று அப்பத்தாவை நச்சரித்துக்கொண்டிருந்தது. “செத்தப் பொறு தாயி. இந்தா வருது… இந்தா வருது… இந்தா!” என்றார் அப்பத்தா. மூன்று ‘இந்தா’வும் மூன்று சுருதி. நோட்டை எடுத்து அதைத்தான் முதலில் எழுதினேன்.