பகடையும் உரிமமும்

1974இல் அமெரிக்காவில் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில் நடத்துநர் சூழலைச் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அடுத்து என்ன செய்வதென்று சொல்வார்கள். பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். கதை எங்கே போகுமென்று நடத்துநருக்கே தெரியாது. ஆசிரியன் செத்துப்போனான் என்று நாம் கட்டுரை எழுதினோம். இவர்கள் விளையாடியே காட்டிவிட்டார்கள்.

ஆனால் விதிப்புத்தகத்துக்கு முதலாளி உண்டு. 2000இல் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம், விதிகளை எவரும் எடுத்தாளலாமென்று திறந்த உரிமம் தந்தது. அதை நம்பிச் சிறு பதிப்பாளர்கள் கிளம்பினார்கள். 2023 ஜனவரியில், 750,000 டாலருக்கு மேற்பட்ட ஆண்டு வருவாயில் 25 சதவீதம் கேட்கும் புது உரிமத்தின் வரைவு கசிந்தது. ஆடுபவர்கள் கொதித்துப்போய்ச் சந்தாவை நிறுத்தினார்கள். அம்மாதமே நிறுவனம் இறங்கிவந்து, அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுவில் விட்டது.

கூடிக் கதை சொன்னால் மட்டும் போதாது. சொல்வதற்கான விதி யார் கையில் என்பதையும் கேட்டாக வேண்டும்.