தம்பி வீட்டு அடுப்பு: மாநில அரசின் பட்ஜெட் எப்படி இயங்குகிறது?

பாண்டான் இண்டாவில் ஓர் அடுக்குமாடி வீடு. சாப்பாட்டு மேசையில் நான்கு தாள்கள்: வருமான வரிப் பாரம், அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்தின் மதிப்பீட்டு வரி, தண்ணீர் பில், நில அலுவலகம் அனுப்பிய 'சுக்காய் பெத்தாக்' ரசீது. நான்கையும் கட்டுகிறவர் ஒருவர்தான். பணம் போய்ச் சேரும் இடம்தான் வேறு வேறு. பொருளாதாரம் சரியும்போது சிலாங்கூர் அரசின் கையில் ஏன் காசு இல்லாமல் போகிறது என்று தெரிய, முதலில் இந்தத் தாள்களைப் பிரித்து வைப்போம்.

வருமான வரி மத்திய அரசுக்கு. கடையில் கட்டும் விற்பனை, சேவை வரியும், காரின் சாலை வரியும் அங்கேதான். மதிப்பீட்டு வரி நகராண்மைக் கழகத்துக்கு. குப்பை அள்ளவும் தெருவிளக்குக்கும் அது போகிறது. தண்ணீர்க் கட்டணம் ஆயர் சிலாங்கூர் நிறுவனத்துக்கு. மீதி இருப்பது பெத்தாக் ரசீது, அதாவது அடுக்குமாடி வீட்டுக்கான நில வரி. மாநிலக் கருவூலத்துக்கு நேராகப் போவது அது ஒன்றுதான். அடுக்குமாடிக்காரர்கள் பலருக்கும் அதுதான் ஆண்டுக் கணக்கில் மிகச் சிறிய தொகை.

இப்போது ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அண்ணன், தம்பி, தனித்தனி அடுப்பு. வேலைக்குப் போகிறவர்களின் சம்பளமெல்லாம் அண்ணன் கைக்குப் போகிறது. தம்பிக்கு எழுதி வைத்தது பின்கட்டுத் தோட்டம். அண்ணன் புத்ராஜெயாவில் இருக்கும் மத்திய அரசு, தம்பி ஷா ஆலாமில் இருக்கும் மாநில அரசு. பாகப்பிரிவினைப் பத்திரம் மலேசிய அரசியலமைப்புச் சட்டம். அதன் பத்தாவது அட்டவணை நிலம், காடு, சுரங்கம், கேளிக்கை வரி போன்றவற்றை மாநிலங்களுக்குக் கொடுத்திருக்கிறது.

தோட்டத்தில் என்ன விளைகிறது? ஒரு காலத்தில் ஈயம் விளைந்தது. 1857-இல் கிள்ளான் ஆற்றின் வழியே சுரங்கத் தொழிலாளர்கள் வந்து இறங்கியது அம்பாங் ஈயத்துக்காகத்தான். இன்று அது கதையாகிவிட்டது; இருப்பது நிலம். நிலத்திலிருந்து இரண்டு வகையில் பணம் வரும். ஒன்று கீரைப் பாத்தி: ஆண்டுதோறும் வரும் நில வரி. தொகை சிறியது, ஆனால் வந்துகொண்டே இருக்கும். மற்றது மரம் வெட்டி விற்பது: தோட்ட நிலத்தை வீடமைப்புக்கோ வணிகத்துக்கோ மாற்றும்போது மேம்பாட்டாளர் கட்டும் பிரீமியம். தொகை பெரியது, ஒரு நிலத்துக்கு அடிக்கடி கிடைக்காது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ரப்பர் தோட்டங்கள் தாமான்களாக மாறிய காலத்தில் மாநிலத்தின் பெட்டி நிறைந்தது இப்படித்தான்.

அந்தத் தோட்டத்தின் நல்ல பகுதி ஒன்றும் கைமாறிப் போயிற்று. 1974 பிப்ரவரி 1-இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானது. ஜாலான் அம்பாங்கில் நகர மையத்திலிருந்து அம்பாங் பாயிண்ட் நோக்கி வந்தால், எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள கட்டடங்களின் நில வரி அண்ணனுக்கு, இந்தப் பக்கம் தம்பிக்கு. உயரமான கோபுரங்கள் எந்தப் பக்கம் நிற்கின்றன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, அண்ணன் வீட்டிலிருந்து ஆண்டுதோறும் வரும் அரிசி மூட்டை. சாலை மானியம் ஒன்று, தலைக்கணக்கு மானியம் ஒன்று. தலைக்கணக்கு எப்படி என்று பார்ப்போம். முதல் 1,00,000 பேருக்குத் தலைக்கு 72 ரிங்கிட். அடுத்த 5,00,000 பேருக்கு 10.20. அதற்கடுத்த 5,00,000 பேருக்கு 10.80. மீதிப் பேருக்கு 11.40. சிலாங்கூரின் மக்கள்தொகையை 70 லட்சம் என்று வைத்துப் பெருக்கினால் ஏறக்குறைய 8.5 கோடி ரிங்கிட் வரும். அதாவது ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 12 ரிங்கிட், ஒரு வேளை வாழையிலைச் சாப்பாட்டுக் காசு.

சிலாங்கூரின் 2020 பட்ஜெட் 233 கோடி ரிங்கிட். அதே ஆண்டு மத்திய பட்ஜெட் 29,700 கோடி. நாட்டின் பொருளாதார உற்பத்தியில் ஏறக்குறைய கால் பங்கைத் தருகிற மாநிலத்தின் அடுப்பு, அண்ணன் வீட்டு அடுப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

சரி, சமையல் என்ன? மருத்துவமனை, பள்ளி, போலீஸ் எல்லாம் அண்ணன் பொறுப்பு. தம்பியின் உலையில் முதலில் விழுவது மாநில ஊழியர் சம்பளம்; அதை நிறுத்த முடியாது. பிறகு வடிகால், மாநிலச் சாலை, விவசாயம், நில அலுவலகம். அதன்பின் சட்டம் கட்டாயப்படுத்தாத பதார்த்தங்கள்: இலவசத் தண்ணீர், தமிழ்ப்பள்ளிகளுக்கும் ஆலயங்களுக்கும் தரும் மானியம். இலவசத் தண்ணீர் 2008-இல் தொடங்கியபோது எல்லா வீடுகளுக்கும் மாதம் 20 கன மீட்டர் கிடைத்தது. 2020 மார்ச் முதல் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் மாத வருமானமில்லாத குடும்பங்களுக்கு மட்டும் என்று பந்தி சுருங்கியது.

அந்த மார்ச் மாதம் 18-ஆம் தேதிதான் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையும் வந்தது. கட்டுமானம் நின்றது; ஆகவே நில மாற்ற விண்ணப்பமும் பிரீமியமும் தேங்கின. திரையரங்குகளும் மூடின. ஆகவே கேளிக்கை வரி போயிற்று. பெரிய காசுதான் முதலில் நிற்கும், கீரைப் பாத்தி பிறகு வாடும். அதே நேரத்தில் பந்தியில் ஆள் கூடியது. வேலை போனவர்களுக்கும் சிறு வணிகர்களுக்கும் என்று மாநிலம் அந்த மார்ச்சிலேயே ஏறக்குறைய 12.8 கோடி ரிங்கிட் உதவித் திட்டத்தை அறிவித்தது. 2021 ஜூனில் இன்னொன்று, 55 கோடி. வரவு குறையும் அதே மாதத்தில் செலவு கூடுவதுதான் மந்தநிலையின் குணம்.

தம்பி இப்போது என்ன செய்யலாம்? ஒன்று, கடுகு டப்பாவில் ஒளித்து வைத்த காசை எடுக்கலாம். அதுதான் மாநிலத்தின் இருப்பு நிதி. எடுத்தால் தீரும். இரண்டு, கைமாற்று. இங்கேதான் முடிச்சு. அரசியலமைப்பின் 111-ஆவது பிரிவுப்படி மாநிலம் மத்திய அரசிடம் கடன் வாங்கலாம். அல்லது மத்திய அரசு சம்மதித்த வங்கியிடம், அதுவும் ஐந்தாண்டுக்கு மேற்படாத தவணையில். அண்ணன் தலையசைக்காமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட முடியாது.

தமிழ்நாட்டுக் கதை வேறு. அங்கே மாநிலத்துக்கென்று விற்பனை வரி, மது வரி எல்லாம் உண்டு. வரம்புக்கு உட்பட்டுச் சந்தையில் கடனும் வாங்கலாம். ஆகவே கெட்ட காலம் அங்கே கடனாகச் சேர்கிறது. 2021 ஆகஸ்ட் 9-இல் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஒரு குடும்பத்தின் தலையில் 2,63,976 ரூபாய் கடன் என்று கணக்குச் சொன்னது.

சிலாங்கூரில் அப்படி ஒரு கணக்கு மேலெழாது. அதனால் கஷ்டமே இல்லை என்று ஆகிவிடாது. கடன் வாங்க முடியாத வீட்டில் மிஞ்சுவது மூன்றாவது வழி: சமையலைக் குறைப்பது. சம்பளத்தில் கை வைக்க முடியாது. உதவித்தொகையை வெட்டினால் ஓட்டுப் போகும். ஆகவே வெட்டு விழ மிகச் சுலபமான இடம், யாரும் வாசலில் வந்து கேட்காத வேலை: வடிகால் அகலப்படுத்துவது, சரிவுத் தடுப்புச் சுவர், பழைய பாலம். 'அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளினால் எந்த ஏட்டிலும் கடனாக ஏறாது.

ஆனால் அம்பாங் வட்டாரத்தில் அது விலையில்லாத தள்ளிப்போடல் அல்ல. 1993 டிசம்பர் 11-இல் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தார்கள். சரிவில் நீர் வடிய ஒழுங்கான வழி இல்லாதது அதன் காரணங்களில் ஒன்று. 2008 டிசம்பர் 6-இல் புக்கிட் அந்தாராபங்சாவில் மீண்டும் மண் சரிந்தது. மலையடிவார ஊருக்கு வடிகால் என்பது உப்பைப் போல, இல்லாதபோதுதான் தெரியும்.

ஆகவே ஷா ஆலாமில் அடுத்த பட்ஜெட் வாசிக்கப்படும்போது, மொத்தத் தொகையைக் கேட்டுவிட்டுச் செய்தியை மாற்றிவிடாதீர்கள். மூன்று கணக்குகளைத் தேடுங்கள். வரவில் பிரீமியத்தின் பங்கு எவ்வளவு? நிர்வாகச் செலவுக்கு எவ்வளவு, மேம்பாட்டுக்கு எவ்வளவு? மூன்றாவது, போன ஆண்டு ஒதுக்கிய மேம்பாட்டுப் பணத்தில் உண்மையில் எவ்வளவு செலவானது? உங்கள் தொகுதி புக்கிட் அந்தாராபங்சாவோ, லெம்பா ஜெயாவோ, தெராத்தாயோ, சட்டமன்ற உறுப்பினரிடம் மூன்றாவதைத் தெருப் பெயரோடு கேளுங்கள்.